வாய் திறக்காத தம்பி

குடும்பத்தில் அவனை எஞ்சினியர் என்றுதான் கூப்பிடுவார்கள். படித்து வாங்கிய பட்டம் இல்லை. ஒருமுறை மின்விசிறியைப் பிரித்து மாட்டி, அது தலைகீழாகச் சுற்ற ஆரம்பித்த அன்று அக்கா வைத்த பெயர். மரச்சாமான் கடைக் கிடங்கில் வேலை பார்த்தாலும், யார் வீட்டில் எது ரிப்பேர் ஆனாலும் முதல் ஆளாக மூக்கை நுழைப்பான்.

அக்கா வீடு வீடாகப் போய் ஊசி போடும் நர்ஸ். பழைய டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்தான் அவளுக்குக் கை கால் எல்லாம். மகளின் பிரசவத்துக்கு வெளியூர் கிளம்பியபோது அதைத் தம்பி வீட்டு மாடிப்படிக்கு அடியில் நிறுத்தினாள். டேங்கில் இருந்த பெட்ரோலை வடித்தாள். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் கொஞ்சம் ஆயில் விட்டு, கிக்கரை மெல்ல மிதித்து, பிளக்கைத் திரும்ப மாட்டினாள். எலி புகாமல் சைலன்சர் வாயில் துணி அடைத்தாள்.

“அப்பப்போ கிக்கரை மிதிச்சு வை, இன்ஜின் இறுகிடாம இருக்கும். மறுபடி எடுக்கறப்ப பெட்ரோலோட ஆயில் கலக்கணும், இல்லேன்னா இன்ஜின் சூடாகிப் புடிச்சுக்கும். மறந்துடாத.”

“எனக்கே பாடம் எடுக்கறியா?” என்றான்.

அவள் திரும்பி வரும் நாளில், பஸ் நிலையத்துக்கு ஸ்கூட்டரிலேயே போய் அசத்திவிட நினைத்தான். கண்ணாடி மாதிரித் துடைத்தான். சைலன்சரில் அடைத்திருந்த துணியை உருவினான். பெட்ரோல் பங்க் வரை தள்ளிக்கொண்டு போனான். அங்கே பெட்ரோல் போடும் பெண் வண்டியைப் பார்த்ததுமே கேட்டாள்.

“ஆயில் கலக்கட்டுமா சார்?”

அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. ஆயில் டப்பா வீட்டு அலமாரியில் இருந்தது. ஆனால் பின்னால் வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வேணாம்மா, எல்லாம் ஊத்தியாச்சு. நீ பெட்ரோலைப் போடு.”

போகிற வழியில் வீட்டில் நின்று ஊற்றிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தான். ஆனால் முதல் மிதியிலேயே வண்டி உயிர் பெற்றுவிட, அந்தக் குஷியில் வீட்டுத் தெருவைத் தாண்டிப் போயே விட்டான். பஸ் நிலையத்தை நெருங்கும்போது வண்டி திணறியது, பின்சக்கரம் கிறீச்சிட்டு இறுகியது. கீழே விழாமல் தப்பியதே பெரிது. கருகிய வாடையோடு அதைத் தள்ளிக்கொண்டு போய் அக்கா முன்னால் நின்றான்.

“என்னடா ஆச்சு?”

“பங்க்ல ஆயில் ஊத்தச் சொன்னேன்க்கா. அந்தப் பொண்ணு ஊத்தாம விட்டுட்டா போல.” பொய் அவன் வாயிலிருந்து எந்தச் சிரமமும் இல்லாமல் வந்தது.

அக்கா பெட்டியை ஸ்கூட்டரின் மேல் வைத்தாள். அவனைத் தள்ளிக்கொண்டு வரச் சொல்லி, நேராக அந்த பங்க்குக்குப் போனாள். இப்படி ஆகும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. மேனேஜரை வெளியே கூப்பிட்டு, தன் பிழைப்பையே கெடுத்துவிட்டதாக வாய் வலிக்கக் கத்தினாள்.

“நான் கேட்டேன் மேடம். சார்தான் வேணாம்னு சொன்னாரு,” என்றாள் அந்தப் பெண்.

மேனேஜர் அவன் பக்கம் திரும்பினார். “அப்படியா சார்?”

அவன் தரையில் சிந்தியிருந்த பெட்ரோல் கறையைப் பார்த்துக்கொண்டு நின்றான். “ஊத்தச் சொன்னதாத்தான் ஞாபகம்,” என்றான். மேனேஜர் அவளைப் பம்ப்பிலிருந்து எடுத்து, கழிப்பறை கழுவப் போகச் சொன்னார். அவள் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

திரும்பும் வழியில் அவன் ஹேண்டிலைப் பிடித்துத் தள்ள, அக்கா பின்னாலிருந்து தள்ளினாள். பாதி வழியில் அவள் கை நின்றது.

“அந்தப் பொண்ணு சொன்னது நெசமா?”

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

“நான் வேற அத்தனை பேர் முன்னாடி அவளை நாக்கப் புடுங்கிக்கற மாதிரி கேட்டுட்டேனேடா,” என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவனைக் கூனிக் குறுக வைத்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு பங்க்குக்குப் போனான். மேனேஜரிடம் நடந்ததைச் சொன்னான்.

“விடுங்க சார். இருந்தாலும் கஸ்டமரை அவ எதிர்த்துப் பேசினது தப்புதானே.”

“எதிர்த்துப் பேசல சார். உள்ளதைச் சொன்னா. பொய் சொன்னது நான்.” வரிசையில் நின்றவர்கள் காதில் விழும்படியே சொன்னான். காது மடல் எரிந்தது.

மேனேஜர் முகத்தைச் சுளித்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டுப் பம்ப்புக்கு அனுப்பினார். ஈரக் கையைத் துடைத்தபடி வந்தவளிடம் மன்னிப்புக் கேட்டான். வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் பாதியிலேயே அறுந்துபோயின.

“நேத்தே சொல்லியிருக்கலாமே சார்,” என்றாள் அவள். பிறகு அடுத்த வண்டியின் டேங்க் மூடியைத் திறந்தாள்.

மெக்கானிக் கடையில் ஸ்கூட்டரின் இன்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். பிஸ்டன் முழுக்கக் கீறல். அக்கா பக்கத்தில் மருந்துப் பையோடு நின்றிருந்தாள்.

“சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன். நேத்தே சொல்லியிருக்கலாமேன்னு கேட்டா.”

“சரியாத்தான் கேட்டிருக்கா.”

முதல் நோயாளியின் வீடு தூரம். அவள் நடக்கத் தொடங்கினாள். அவன் பையை வாங்கக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. கொஞ்சம் தள்ளியே அவள் பின்னால் நடந்தான்.