காசிராஜன் தூங்கிய தூக்கம்

சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் கம்பெனி அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஒருவன் டீ குடித்தால், டீ ஆறுவதற்குள் யாராவது வந்து கேள்வி கேட்பார்கள். ஊரை விட்டு வந்தது ஏன், ரோபோ வந்தால் பயமா, விடுதியில் சாதி பார்க்கிறார்களா, மேலாளரிடம் மனம் விட்டுப் பேச முடிகிறதா. கேட்பவர்கள் காலேஜ் பிள்ளைகளாக இருப்பார்கள், இல்லையென்றால் ஏதாவது நிறுவனம் அனுப்பிய ஆட்களாக. மாசானம் எல்லாருக்கும் பதில் சொல்லிச் சலித்தவன். பத்துக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று கேட்டால் ஏழு என்பான். ஏழு சொன்னால் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். மூன்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் கம்பெனி பஸ் போய்விடும்.

அவனுடைய தூக்கம் போனதே ஒரு ஆராய்ச்சியால்தான். முன்பெல்லாம் வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். பகலும் இரவும் மாறி மாறி வருவது உடம்புக்குக் கெடுதல் என்று யாரோ ஒரு பேராசிரியர் கண்டுபிடித்துச் சொல்ல, கம்பெனி அதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. மாற்றுவதை நிறுத்தியது. அன்றைக்கு இரவில் இருந்தவர்கள் அப்படியே இரவிலேயே நின்றுவிட்டார்கள். மாசானம் அன்றைக்கு இரவில் இருந்தான்.

பகலில் தகரக் கூரைக்குக் கீழே படுத்தால் தூக்கமா வரும்? மேலே வெயில். பக்கத்தில் இன்னொரு விடுதி கட்டுகிறார்கள், டைல்ஸ் அறுக்கிற மிஷின் மத்தியானம்வரை ஓயாது. கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டே கிடப்பான். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் லைனில் நிற்கும்போது, கையில் இருக்கிற சர்க்யூட் போர்டு இரண்டாகத் தெரியும். ஒருமுறை திருகுகிற கருவியை விரலிலேயே இறக்கிவிட்டான். இன்னொரு தடவை விரலோடு போகாது என்று அவனுக்கே தெரியும்.

அப்போதுதான் பூஜா வந்தாள். சென்னையில் நிர்வாகப் படிப்பில் ஆய்வு செய்கிறவள். இரவு ஷிப்ட்காரர்கள் சிலரைப் பொறுக்கியெடுத்து ஆளுக்கொரு வாட்ச் கொடுத்தாள். நேரம் காட்டாத வாட்ச். கட்டியிருப்பவன் எப்போது தூங்குகிறான், எப்போது புரள்கிறான் என்று அதுவே சென்னைக்குச் சொல்லிவிடுமாம். யாருக்குத் தூக்கம் மோசமோ அவர்களைப் பகல் ஷிப்டுக்கு மாற்றிப் பார்க்கக் கம்பெனி சம்மதித்திருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ஆராய்ச்சியில் தேர்வாக வேண்டும் என்று மாசானம் ஆசைப்பட்டான்.

சிக்கல் கம்பெனி கேட்டிலேயே வந்தது. லைனுக்குள் வாட்ச், மோதிரம், அரைஞாண் கொடி எதுவும் போகக்கூடாது. வாட்ச்சைப் பிளாஸ்டிக் தட்டில் போட்டுவிட்டுப் போ என்றார் செக்யூரிட்டி. அந்தத் தட்டில் போட்ட பெல்ட்டே ஒருமுறை திரும்பி வரவில்லை. பூஜாவுக்குப் போன் போட்டுக் கேட்டான். அப்படியானால் வேலைக்குப் போகும்போது அறையிலேயே வைத்துவிடுங்கள் என்றாள். ஆனால் அதிக நேரம் கையில் இல்லாவிட்டால் அந்த நாள் கணக்கில் வராது என்றும் சொன்னாள். சொன்னவளுக்கு இரண்டும் ஒன்றுக்கொன்று உதைப்பது தெரியவில்லை. போனில் பின்னால் வேறு யாரோ அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாசானத்தின் அறையில் மெத்தை ஒன்றுதான். அதில் பகலில் மாசானம் படுப்பான், இரவில் காசிராஜன் படுப்பான். காசிராஜனுக்கு ஒரகடத்தில் வேறொரு கம்பெனியில் பகல் வேலை. இருவருக்கும் ஊர் சாத்தான்குளம் பக்கம். ஆணியில் தொங்குகிற சட்டையை யார் வெளியே போகிறார்களோ அவர்கள் மாட்டிக்கொள்வார்கள். சோப்பு, செருப்பு, குடை எல்லாம் அப்படித்தான். மெத்தை சூடு ஆறுவதற்குள் ஆள் மாறுகிற அறையில் வாட்ச்சுக்கு மட்டும் தனிச் சட்டமா?

"ஏல, கையில கெடந்தாத்தான் கணக்காம். நான் வாறவரைக்கும் நீ கட்டிக்க" என்றான் மாசானம்.

"நான் தூங்கிருவேனே."

"தூங்கு. வாட்சு தூங்கக்கூடாது, அவ்வளவுதான்."

காசிராஜன் தூங்கினால் இடி விழுந்தாலும் எழுந்திருக்காதவன். வாட்ச்சைக் கட்டிக்கொண்டு அந்த மெத்தையில் அவன் ராஜா மாதிரித் தூங்கினான். காலையில் மாசானம் வந்து அவன் கையிலிருந்து கழற்றித் தன் கையில் கட்டிக்கொண்டு, தகரத்தைப் பார்த்தபடி கிடந்தான். ஒரு நாளும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டதில் இருவருக்கும் பெருமை.

ஒரு நாள் ஷிப்ட் முடிந்து எல்லாரும் பஸ்ஸுக்கு ஓடும்போது, சூப்பர்வைசர் நடேசன் அவனை மட்டும் மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டார். நடேசன் பக்கத்துக் கிராமத்துக்காரர். முகம் கடுகடுவென்று இருந்தது. உள்ளே பூஜா லேப்டாப்பைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தாள். பகல் ஷிப்ட் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே மாசானம் உள்ளே போனான்.

"இன்னாப்பா, லைன்ல தெனிக்கும் நல்லா தூங்கறியாமே?" என்றார் நடேசன்.

பூஜா திரையைத் திருப்பிக் காட்டினாள். வேலை நேரம் முழுக்க ஆழ்ந்த தூக்கம். வீட்டில் இருக்கும் பகல் முழுக்க விழிப்பு. பெயரை யாருக்கும் சொல்லவில்லை, ஷிப்டும் லைனும் மட்டும்தான் அறிக்கையில் கொடுத்தேன் என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். அந்த லைனில் வாட்ச் வாங்கியது மாசானம் ஒருவன்தான்.

"நைட்டு பூரா இவன் பின்னாடிதாம்மா நின்னுகினு கீறேன். இவன் தூங்கினான்னா நானும் தூங்கினேன்னு தானே அர்த்தம்? எச்ஆர்ல என்னிய கேக்கறான்" என்று நடேசன் பூஜா பக்கம் திரும்பினார்.

மாசானம் ஒளிக்கவில்லை. கேட், தட்டு, மெத்தை, காசிராஜன் எல்லாவற்றையும் சொன்னான். நடேசனுக்கு உயிர் வந்தது, சிரிக்கக்கூடச் செய்தார். பூஜா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். தொழிலாளர்கள் தங்கள் தூக்கத்தைக் குறைத்துச் சொல்கிறார்கள் என்று அவள் போன வாரம்தான் ஒரு கருத்தரங்கில் பேசிவிட்டு வந்திருந்தாள். அதில் காட்டிய பெரிய ஆதாரமே காசிராஜன் தூங்கிய தூக்கம்தான்.

"அப்ப உங்க டேட்டாவை மொத்தமா எடுத்துடணும்" என்றாள்.

"எடுத்துட்டா பகல் ஷிப்டு?"

அந்தப் பட்டியல் வாட்ச்சை வைத்துத்தான் போடுவார்கள், வாட்ச்சில் நீங்கள் இல்லையே என்றாள்.

"மேடம், நான் தூங்கலன்னு நானே சொல்லுதேம்லா. அது டேட்டா இல்லையா?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது, நீளமாக. ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பதற்குத் தனியாகவே ஒரு துறை இருக்கிறதாம். மாசானம் கேட்டுக்கொண்டிருந்தான். அறையில் ஏசி ஓடியது. வெயில் இல்லை, டைல்ஸ் மிஷின் இல்லை, நாற்காலிக்கு மெத்தென்ற முதுகு இருந்தது. அவளுடைய குரல் ஏறாமல் இறங்காமல் போய்க்கொண்டே இருந்தது.

கண் விழித்தபோது நடேசன் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் எச்ஆர் அதிகாரி ரகு நின்றிருந்தார். கையில் போன். படம் எடுத்து முடித்திருந்தார்.

"இப்பவா தூங்குவ? தலையில கல்ல போட்டியேப்பா" என்றார் நடேசன்.

ஷிப்ட் முடிந்துவிட்டது என்று மாசானம் சொல்லிப் பார்த்தான். ரகு அதை மறுக்கவில்லை. ஆனால் யூனிபார்ம் போட்டிருக்கிறாய், கம்பெனிக் கட்டடத்துக்குள் இருக்கிறாய் என்றார். ஏற்கெனவே அறிக்கை ஒன்று வந்திருக்கிறது, இப்போது படமும் இருக்கிறது. அறிக்கை தப்பு என்று பூஜா இழுத்தாள். அதை எழுத்தில் கொடுங்கள், மாதக் கடைசியில் பார்ப்போம் என்றார் ரகு. அதுவரைக்கும் மாசானம் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு இரவிலேயே தொடரலாம்.

மாசானம் தன் விரலைப் பார்த்தான். திருகு இறங்கிய தழும்பு இன்னும் கருப்பாக இருந்தது. கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தான். கோபத்தில் வைக்கவில்லை. அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டே மன்னிப்புக் கடிதம் எழுதுகிற தெம்பு இல்லை.

"அவசரப்படாத. ஊட்டுக்குப் போய் நல்லா தூங்கிட்டு யோசி" என்றார் நடேசன். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது.

கம்பெனி பஸ் எப்போதோ போயிருந்தது. நெடுஞ்சாலைக்கு நடந்து வந்து காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏறி, சுங்குவார்சத்திரத்துக்கு டிக்கெட் எடுத்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்தான். போன் அடித்தது. பூஜா. முதலில் மன்னிப்புக் கேட்டாள், அது உண்மையாகத்தான் இருந்தது. பிறகு, ஆட்கள் ஏன் வேலையை விட்டு நிற்கிறார்கள் என்று தன் தோழி ஒருத்தி ஆய்வு செய்வதாகவும், ஐந்தே ஐந்து கேள்விதான் என்றும் சொன்னாள். மாசானம் சரி என்றான். முதல் கேள்வி, இந்த வேலையில் பத்துக்கு எவ்வளவு திருப்தி. ஏழு என்றான், பழக்கத்தில். இரண்டாவது கேள்வி அவன் காதில் விழவில்லை.

கண்டக்டர் முழங்காலில் தட்டி எழுப்பியபோது பஸ் காலியாக இருந்தது. வெளியே காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு. போன் மடியில் கிடந்தது, லைன் கட்டாகியிருந்தது.

"எங்க எறங்கணும் நீ?"

"சுங்குவார்சத்திரம்ணே."

"அது பூட்சேப்பா. இன்னா, நைட்டு தூங்கலையா?"

"இல்லண்ணே" என்றான் மாசானம்.

கண்டக்டர் நம்பினார். இத்தனை பேர் வந்து இத்தனை கேள்வி கேட்டதில், சொன்னதை அப்படியே நம்பியவர் இவர் ஒருவர்தான். நம்பிவிட்டு, கூடுதலாக வந்த தூரத்துக்கும் ஒரு டிக்கெட் கிழித்துக் கையில் கொடுத்தார்.