கோலின் வேலையைக் கொடுத்து வாங்கியது

அமெரிக்காவோடு பிரிட்டன் போட்ட வர்த்தக ஒப்பந்தத்தில் என் தம்பி நெவில் வேலை பார்க்கும் கார் தொழிற்சாலை பிழைத்தது. என் கணவர் கோலின் வேலை பார்த்த ஆலை, இங்கே ஹல் நகரில் கோதுமையிலிருந்து பெட்ரோலில் கலக்கும் எரிசாராயம் எடுத்த ஆலை, மூடப்பட்டது. அவர்கள் நம் கார்களுக்கு வரியைக் குறைத்தார்கள். பதிலுக்கு நாம் அவர்கள் எரிசாராயத்தை வரியே இல்லாமல் உள்ளே விட்டோம்.

ஞாயிறு மதியம் நெவில் சாப்பிட வந்தான். மாட்டிறைச்சியை அறுத்துக்கொண்டே, "என்னதான் சொல்லுக்கா, அமெரிக்காகாரங்கள விட்டா நமக்கு யாரு இருக்கா?" என்றான்.

"உனக்கு அவங்க இருக்காங்க. இவருக்கு யாரு இருக்கா? இவர் வேலையக் குடுத்துத்தானடா நம்ம அரசாங்கத்துல உன் வேலைய வாங்குனாங்க," என்றேன். அவன் தட்டிலிருந்த யார்க்‌ஷயர் புட்டிங் அப்பத்தை எடுத்துக் கோலின் தட்டில் வைத்தேன்.

"விடு மார்ஜரி," என்றார் கோலின்.

"எதுக்கு விடணும்? கொஞ்சமாவது வெக்கப்படட்டும்."

நெவில் கத்தியைக் கீழே வைத்தான். "அடுத்த மாடல் கார அமெரிக்காவுலயே செய்யப் போறாங்களாம். கிறிஸ்துமஸோட எங்களுக்கு வேலை இல்ல. வெள்ளிக்கிழமைதான் சொன்னாங்க."

"அப்புறமும் அமெரிக்காவுக்கு என்னடா பரிஞ்சு பேசுற?"

"வேற யார நம்பறதுன்னு தெரியலக்கா."

புட்டிங்கைத் திரும்ப அவன் தட்டிலேயே வைத்தேன்.

"அப்போ எங்க ஆலைய எதுக்குடா குடுத்தாங்க?" என்றேன்.