சிவப்பு அட்டைக்காரர்

அந்த இளம் அதிகாரி எக்ஸ்ரே படத்தை உறையிலிருந்து உருவி, தலைக்கு மேலிருந்த குழல்விளக்கை நோக்கித் தூக்கிப் பிடித்தான். ஜம்புலிங்கமும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அண்ணாந்து பார்த்தார். அவருடைய வலது கால் எலும்பு. அதன்மேல் ஒரு தகடு. தகட்டில் வரிசையாக ஸ்குரூக்கள். அம்பத்தூரில் இத்தனை மாதம் கட்டிலுக்கு அடியில் கிடந்த படம்தான். கோலாலம்பூர் விமான நிலையத்தின் அந்தச் சின்ன அறையில் பார்த்தபோது வேறு யாருடைய காலோ போலிருந்தது.

"எலும்பு முறிந்தது உண்மைதான்" என்றான் அவன் மலாயில். "கை முறியவில்லையே? ஒரு கடிதம் போட்டிருக்கலாமே?"

கிண்டல் செய்யவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். ஜம்புலிங்கத்திடம், டாக்டர் சீட்டும் எக்ஸ்ரேயும் காட்டினால் போதும் என்று தங்கை புருஷன் வீரராகவன் சொல்லியிருந்தான். வீரராகவனுக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் பிரஸ் மிஷின் வேலை. அங்கே லீவு முடிந்தும் வராதவர்கள் டாக்டர் சீட்டைத்தான் காட்டுவார்கள். ஒரு நாட்டுக்கும் அதே வழக்கம்தான் இருக்கும் என்று இரண்டு பேருமே நம்பியிருந்தார்கள்.

"உங்கள் மலாய் நன்றாக இருக்கிறது. எந்த ஊர்?"

"பேராக். சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டம். லாரி ஓட்டுகிறேன்."

"எத்தனை வயதில் வந்தீர்கள்?"

"ஒன்பது."

"அப்படியென்றால் இந்தப் பாஸ்போர்ட் எதற்கு?"

மேசையில் அவருடைய இந்தியப் பாஸ்போர்ட்டும், அதன்மேல் சிவப்பு அடையாள அட்டையும் இருந்தன. இந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது. ஆனால் அது நீளமான பதில். அம்பத்தூர் பக்கம் கள்ளிக்குப்பத்தில் அம்மா செத்துப்போனதும், மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டிக்கொண்டிருந்த அப்பா வந்து அவரை மட்டும் கப்பலில் கூட்டிப்போனார். கைக்குழந்தையாக இருந்த நாகம்மாவை அத்தை வைத்துக்கொண்டாள். மலாயாவுக்குச் சுதந்திரம் வந்தபோது தோட்டத்துச் சனங்கள் வரிசையில் நின்று குடியுரிமை வாங்கினார்கள். அப்பா காய்ச்சலில் படுத்திருந்தார். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பிற்பாடு ஜம்புலிங்கம் தனக்காக எழுதிப் போட்டபோது பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். வயல் ஓரத்துக் குடிசையில் பிறந்ததை யார் எழுதி வைத்திருக்கப் போகிறார்கள்? குடிமக்களுக்கு நீல அட்டை, நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்றவர்களுக்குச் சிவப்பு. மனைவி ராஜம்மாவும் மகள் பத்மாவும் தோட்டத்திலேயே பிறந்தவர்கள், நீலம். ஒரே தகரப்பெட்டியில் மூன்று அட்டையும் கிடந்தன. அவர் நாட்டைவிட்டு வெளியே போனதே இல்லை என்பதால் அந்த நிற வித்தியாசம் ஒருநாளும் உறுத்தியதில்லை.

நாகம்மா யாரையோ பிடித்து முகவரி கண்டுபிடித்து எழுதியிருந்தாள். 'உன் முகம்கூட எனக்குத் தெரியாது அண்ணா. ஒருதரம் வந்து காட்டிவிட்டுப் போ' என்று. பொங்கல் கழிந்ததும் ஒரு மாதத்துக்கென்று கிளம்பினார். திரும்பி வருவதற்கான அனுமதிச் சீட்டில் அதைவிடக் கூடவே தேதி போட்டுத் தந்தார்கள். புறப்பட வேண்டிய வாரத்தில், டன்லப் கம்பெனிப் பக்கம் சைக்கிளில் போனவரை ஒரு டெம்போ தட்டிவிட்டது. தகடு வைத்த இடத்தில் சீழ் பிடித்து, மறுபடி அறுத்து, மறுபடி கட்டி, அவர் ஊன்றி நடக்கும்போது ஆடி மாதம் ஆகியிருந்தது. சீட்டின் தேதி அதற்கு வெகு முன்பே முடிந்துவிட்டது.

"திரும்பி வரும் எண்ணம் உங்களுக்கு இருந்ததா?" என்று கேட்டான் அதிகாரி.

எளிய கேள்வி. ஆமாம் என்றால் முடிந்தது. ஆனால் அந்த நொடியில் ஜம்புலிங்கத்துக்கு நாகம்மாவின் வீடு நினைவுக்கு வந்துவிட்டது. வெந்நீரில் துணியை நனைத்துப் புண்ணைத் துடைத்துவிட்டு, சின்னப் பிள்ளைக்கு ஊதுவதுபோல் அவள் வாயால் ஊதுவாள். தெருவில் எல்லாரும் அவரை 'மலேசியாக்காரர்' என்றார்கள். விடியலில் தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கான பெரட்டு மணி அடித்து எழுப்பாத காலைகளை அவர் வாழ்க்கையில் முதல்தடவையாக அந்தக் கட்டிலில்தான் கண்டார். ஒரு சாயங்காலம், இங்கேயே இருந்துவிட்டால்தான் என்ன என்றுகூட நினைத்தார். மழை வரும்போலிருக்கிறதே என்று நினைப்போமே, அப்படி. உடனே பத்மாவின் முகம் வந்து அதை அழித்துவிட்டது.

"இருந்தது" என்றார்.

அதிகாரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குனிந்து எதையோ எழுதினான். தான் தயங்கிய அந்த ஒரு நொடியைத்தான் எழுதுகிறான் என்று ஜம்புலிங்கத்துக்குத் தோன்றியது.

சற்று நேரத்தில் வயதான அதிகாரி ஒருவர் வந்தார். தமிழர். நெற்றியில் திருநீறு அழிந்தும் அழியாமலும் இருந்தது. அதைப் பார்த்ததும் ஜம்புலிங்கம் எழுந்து நின்றுவிட்டார்.

"உட்காருங்கண்ணே" என்றார் அவர். "பசியாறியாச்சா?"

மாதக்கணக்கில் அந்த வார்த்தையைக் கேட்கவில்லை. அம்பத்தூரில் இவர் 'பசியாறியாச்சா' என்று கேட்டால் தெருப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். இப்போது அதைக் கேட்டதும், காரியம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிட்டார்.

"ஐயா, என் சம்சாரமும் பொண்ணும் வெளிய நிக்கிறாங்க. ராத்திரி பஸ் புடிச்சு வந்திருப்பாங்க. பொண்ணுக்கு இந்த வருசம் பெரிய பரீட்ச."

"பார்த்தேண்ணே. பேசினேன்."

"நான் பொய் சொல்லல. கால வேணும்னா பாருங்க." குனிந்து பேண்ட்டைச் சுருட்ட ஆரம்பித்தார்.

அவர் கையைப் பிடித்து நிறுத்தினார் அதிகாரி. "வேணாம்ணே. நீங்க பொய் சொல்றீங்கன்னு யாரும் சொல்லல. தேதி முடியறதுக்குள்ள மெட்ராஸ்ல இருக்கிற நம்ம ஆபீஸ்ல சொல்லியிருந்தா ஏதாச்சும் செஞ்சிருக்கலாம். தேதி போயிருச்சு. இனிமே நீங்க புதுசா மனு போட்டுத்தான் வரணும். இன்னிக்கு நான் கதவத் திறந்து விட்டா என் வேல போயிரும்."

"எவ்ளோ நாள் ஆகும் ஐயா?"

அவர் சிவப்பு அட்டையை எடுத்து இளம் அதிகாரியிடம் கொடுத்தார். அவன் அதை ஒரு உறைக்குள் போட்டு ஒட்டினான். நாக்கால் நனைத்து, விரலால் அழுத்தி, மிகச் சாதாரணமாக.

வந்த விமானத்திலேயே திருப்பி அனுப்புவதாக ஏற்பாடு. நடைபாதையில் அழைத்துப்போகும்போது, தூரத்தில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் கூட்டம் தெரிந்தது. ராஜம்மா கல்யாணத்துக்குக் கட்டும் மெரூன் புடவை கட்டியிருந்தாள். பத்மா எம்பி எம்பிக் கை ஆட்டினாள். அப்பா வெளியே வந்துகொண்டிருக்கிறார் என்றுதான் நினைத்திருப்பாள். ஜம்புலிங்கமும் கை ஆட்டினார். வேறென்ன செய்வது? பிறகு அவர் இடதுபக்கம் திரும்ப வேண்டியிருந்தது. திரும்பும்போது ராஜம்மாவின் கை கண்ணாடிமேல் விரிந்து பதிந்திருந்ததைப் பார்த்தார். மகளுக்கு அதற்குள் புரிந்திருக்காது, தாய்க்குப் புரிந்துவிட்டது.

விமானத்தில் ஏறும் இடத்துக்கு அந்தத் தமிழ் அதிகாரி வேகமாக நடந்து வந்து ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். "உங்க பொண்ணு குடுத்துச்சு." உள்ளே வாழையிலையில் கட்டிய நாசி லெமாக். தேங்காய்ப்பால் சோற்றின் சூடு பையைத் தாண்டித் தொடையில் பட்டது. மெட்ராஸ் வரைக்கும் மடியிலேயே வைத்திருந்தார். பிரிக்கவில்லை. வங்காள விரிகுடாவின்மேல் எங்கேயோ அது ஆறிப்போயிற்று.

மீனம்பாக்கத்திலும் நிறுத்தினார்கள். "திருப்பி அனுப்பிட்டாங்களா? என்ன பண்ணீங்க அங்க?" என்றார் மேசைக்குப் பின்னாலிருந்தவர்.

"ஒண்ணும் பண்ணலைங்க. லேட்டா போனேன்."

"அது என்ன பொட்டலம்?"

"சோறுங்க."

அவர் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். பிறந்த ஊர் என்ற இடத்தில் விரல் வைத்து, "அம்பத்தூர் பக்கந்தானே? சொந்த ஊருக்குத்தானே வந்திருக்கீங்க பெரியவரே. இதுக்குப் போய்க் கண்ண கசக்கிக்கினு" என்று சொல்லி ஓங்கி முத்திரை குத்தினார். அந்த மனிதருக்கு நல்ல எண்ணம்தான். அன்று முழுக்க ஜம்புலிங்கத்திடம் யாருமே கெட்ட எண்ணத்தோடு பேசவில்லை.

கள்ளிக்குப்பத்தில் நாகம்மா அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். ஆட்டோவிலிருந்து காலை இழுத்து இழுத்து இறங்கும் அண்ணனைப் பார்த்தவள் கைப்பிடியை விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"இன்னாண்ணா? போவலியா நீ?"

"போனேன். உள்ள விடல."

அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஒரு கணம்தான். பிறகு அதை அடக்கிக்கொண்டு, "அய்யய்யோ, இன்னாண்ணா சொல்ற? அண்ணி? கொயந்த?" என்று வாயில் அடித்துக்கொண்டாள். அழவும் செய்தாள். அந்த அழுகையும் உண்மைதான். ஆனால் ஜம்புலிங்கம் அந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டார். அவர் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். அதன்பிறகு சில நாட்கள் அண்ணனும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்த்துப் பேசவில்லை.

மலேசியாவின் மெட்ராஸ் ஆபீசுக்கு வீரராகவன் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தான். மனு எழுதிக் கொடுத்தார்கள். அங்கிருந்து கோலாலம்பூருக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். அடுத்தமுறை போனபோதும் அங்கேதான் இருக்கிறது என்றார்கள். பத்மா பரீட்சை எழுதினாள். பக்கத்து ஊர் பேக்டரியில் வேலைக்குச் சேர்ந்தாள். தானும் இந்தியாவுக்கே வந்து இருந்துவிடலாமா என்று ராஜம்மா கேட்டு எழுதினாள். பால்வெட்டை நிறுத்தினால் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும், வயசுப் பெண்ணை யாரிடம் விடுவது, கூட்டி வந்தால் அவளுக்கு இங்கே என்ன இருக்கிறது என்று அடுத்த வரிகளில் அவளே எழுதியிருந்தாள். வேண்டாம் என்று பதில் எழுதினார் ஜம்புலிங்கம். எழுதிய பிறகு, வா என்று எழுதியிருக்கலாமோ என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தார்.

லாரி ஓட்டக் காலில் பலமில்லை. எஸ்டேட்டில் ஒரு பட்டறைக்கு வாட்ச்மேனாக வீரராகவன் சேர்த்துவிட்டான். வாசலில் வண்டி வந்து நின்றால், எங்கிருந்து வருகிறீர்கள், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு உள்ளே விடுவதுதான் வேலை. அவர் யாரையும் அதிகம் கேட்பதில்லை. முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துவிடுவார். முதலாளி இரண்டுமுறை சத்தம் போட்டார்.

மறுவருஷத் தீபாவளி கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை முடிந்து வந்தபோது வீட்டுக்குப் பின்னால் செங்கல் இறங்கியிருந்தது. உத்தமன் மேஸ்திரி கயிறு பிடித்து அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா மாப்ளே இது?" என்றார். இந்த ஊர்ப் பேச்சு அவர் வாயில் இப்போது தானாகவே வந்தது.

"உனக்குத்தான் மச்சான்" என்றான் வீரராகவன். "எத்தினி நாளிக்கு நடுவாசல்ல கட்டில் போட்டுக்கினு படுப்பே? மேல ஆஸ்பெட்டாஸ் போட்டுடலாம். உனக்குன்னு ஒரு ரூமு."

"எதுக்குப்பா? கடிதாசி வந்தா நான் போயிருவேனே."

"வரட்டும் மச்சான். வந்தா போ. யாரு வேணான்னா? அதுவரிக்கும்தான்."

நாகம்மா செங்கல்லுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தது. ஜம்புலிங்கம் வாசலுக்கு விட்டிருந்த இடைவெளி வழியாக உள்ளே போய் நின்றார். ஒரு கட்டிலும் ஒரு பெட்டியும் வைக்கலாம். இரண்டு பேர் படுக்கலாம். மூன்று பேர் என்றால் ஒருவர் வெளியே படுக்க வேண்டும். மண்ணும் சுண்ணாம்பும் கலந்த ஈர வாசனை. மேஸ்திரி கரண்டியைத் தட்டிவிட்டுக் கேட்டார்.

"ஜன்னல் எந்தப் பக்கம் வெக்கலாம் அண்ணாத்தே? கெயக்க வெச்சா காலைல வெய்யில் அடிக்கும். தெக்க வெச்சா காத்து. சொல்லு, இப்பவே எடம் வுடணும்."

ஜம்புலிங்கம் கிழக்கே பார்த்தார். அடுத்த வீட்டு முருங்கை, அதற்குப் பின்னால் கொரட்டூர்ப் பக்கத்துப் புகைபோக்கிகள். தெற்கே திரும்பினார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை, காலிமனையும் இரண்டு எருமைகளும்தான்.

"அண்ணாத்தே?"

ஏதாவது ஒரு திசையைச் சொன்னால் போதும். சொல்லிவிட்டால் அந்த அறை அவருடையதாகிவிடும். மேஸ்திரி சற்று நேரம் பார்த்துவிட்டு, "சரி, டீ குட்ச்சிட்டு வரேன், யோசிச்சு வை" என்று கரண்டியைக் கலவைச் சட்டியில் குத்திவிட்டுப் போனார்.

தூறல் போட ஆரம்பித்தது. புதுச் சுவரின்மேல் புள்ளி புள்ளியாகக் கறுத்தது. நாகம்மா முந்தானையைத் தலைமேல் போட்டுக்கொண்டு டீ டம்ளரோடு ஓடி வந்தாள். சுற்றிக்கொண்டு உள்ளே வரவில்லை. சுவருக்கு அந்தப்பக்கமே நின்று, செங்கல்லுக்கு மேலாக டம்ளரை நீட்டினாள். அவர் இந்தப்பக்கமிருந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சூடு விரல்களில் ஏறியது. இருவருக்கும் நடுவிலிருந்த ஈரச் செங்கல்மேல் மழை விழுந்துகொண்டிருந்தது.