ஒருநாள் உறுப்பினர்

அன்று யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மேசையின் தலைப்பக்கம், மின்விசிறிக்கு நேர் கீழே, குழுத்தலைவர். அவருக்கு வலப்பக்கம் கணக்கர் அம்மா. இடப்பக்கம், கைப்பிடி இல்லாத நாற்காலியில், லாண்டரி நடத்தும் அக்கா. குழுவின் கடிதங்களை எழுதும் நான் கதவோரம். மேசைக்கு எதிரே இருந்த நாற்காலி மட்டும் காலி.

சிறுகடைக்காரர்களுக்கு நகராட்சி வைத்திருக்கும் சுழல்நிதி குளமல்ல, குடம். ஒருவர் வாங்கிய கடனை அடைத்த பிறகுதான் அடுத்தவருக்கு ஊற்ற முடியும். அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடைசியாகக் கடனை அடைத்தவர் அடுத்த கடனுக்கான கூட்டத்தில் ஒருநாள் உறுப்பினராக உட்காருவார். அவர் சம்மதிக்காமல் பணம் போகாது. தன் உழைப்பு எங்கே போகிறதென்று அவரும் பார்க்கட்டும் என்பது தலைவரின் கட்சி. சாவி செய்பவருக்குத் தையல்காரர் தலையாட்டினார். அக்காவுக்குச் சாவி செய்பவர். அக்கா தன் கடனை அடைத்துவிட்டதால் அன்று அவருடைய முறை. ஒரே தொழிலில் அடுத்தடுத்து இருவர் வந்தால் என்ன செய்வது என்று எங்களில் யாருமே யோசித்திருக்கவில்லை. அன்று விண்ணப்பதாரர் உள்ளே வந்து நின்ற பிறகுதான் உறைத்தது.

வந்தவள் அக்காவின் கடையில் வருடக்கணக்காக இஸ்திரி போட்டவள். போன மழைக்காலத்தில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாள். இப்போது இரண்டு தெரு தள்ளிச் சொந்தமாக லாண்டரி வைக்கக் கடன் கேட்கிறாள். அக்காவைப் பார்த்ததும் தோள்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“உக்காரு. நான் என்ன பேயா?” என்றார் அக்கா.

“இல்லக்கா. நீங்க இருப்பீங்கன்னு தெரியாது.”

“தெரிஞ்சிருந்தா?”

“இன்னொரு நாள் வந்திருப்பேன்.”

கணக்கர் அம்மா சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்.

“என்ன மெஷின் போடப்போற?”

“சின்னதுதான்க்கா. வீட்டு மெஷின்.”

“லாட்ஜ் பெட்ஷீட் மூட்டையா வந்து விழுமே?”

“கையாலதான் துவைப்பேன். உங்ககிட்ட மாடா உழைச்ச கைதானே.”

“வாய் மட்டும் நல்லா வளந்திருக்கு,” என்றார் அக்கா.

முடிவு கடிதத்தில் வரும் என்று தலைவர் வழக்கம்போலச் சொன்னார். “வரேன்க்கா” என்று அவள் எழுந்த விதத்திலேயே தெரிந்தது, மறுப்புக் கடிதத்தை மனதுக்குள் படித்தே முடித்துவிட்டாள் என்று. சொந்தக் கடைக்காகத்தான் அவள் அக்காவிடம் இருந்த வேலையை விட்டிருந்தாள். திரும்பிப் போக இடமில்லை.

கதவு சாத்தியதும் தலைவர் தொண்டையைச் செருமினார். “உங்களுக்குச் சங்கடம்னா சொல்லிருங்கம்மா. சொந்தக் காசைக் கொடுத்து எதிரியை உண்டாக்கச் சொல்ற சட்டம் எங்கயும் இல்ல.”

அக்கா மேசைவிரிப்பில் இருந்த ஒரு சுருக்கத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். அது நேரானதும் நிமிர்ந்தார்.

“கொடுங்க. ஆனா அவ கேட்ட தொகையைக் கொடுக்காதீங்க.”

“குறைச்சுக் கொடுக்கலாம்...” தலைவர் நிம்மதியோடு ஆரம்பித்தார்.

“கூட்டிக் கொடுங்க. கடைக்குப் போடற பெரிய மெஷின் வாங்கற அளவுக்கு. பயந்துபோய் சின்னதா கேட்டிருக்கா. கையால துவைச்சா ஒரே வருசத்துல இடுப்பு போயிரும். எனக்குப் போன மாதிரி.”

நாங்கள் மூவரும் அவரை வியப்போடு பார்த்தோம். அது அக்காவுக்குப் பிடிக்கவில்லை போலும்.

“என்னை ஒண்ணும் புண்ணியவதியாக்காதீங்க. சின்ன மெஷினை வச்சுக்கிட்டு, உடம்பைப் போட்டு அடிச்சு, பாதி விலைக்குத் துவைப்பா. என் கடை படுத்துரும். பெரிய மெஷினுக்கு வர்ற கரண்ட் பில்லைப் பாத்தா எவளும் விலையைக் குறைக்க மாட்டா. நியாயமான விலைக்கு ரெண்டு பேரும் அடிச்சுக்கலாம்.”

“அவ ஜெயிச்சிட்டா?” என்றார் கணக்கர் அம்மா.

“தொழிலைக் கத்துக்கொடுத்தவ யாருன்னு ஊருக்குத் தெரியும்ல?”

இடுப்பைச் சொன்னதா, கரண்ட் பில்லைச் சொன்னதா, எது உண்மைக் காரணம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். அப்படி இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். எத்தனையோ அனுமதிக் கடிதங்கள் எழுதியிருக்கிறேன். அன்றைக்குத்தான் ‘மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்’ என்ற வரியை மனதார எழுதினேன். தொகையை எண்ணிலும் எழுத்திலும் குறித்து, தலைவரிடம் கையெழுத்து வாங்கி, உறையில் போட்டேன்.

“தபால்ல போனா நாளாகும். அதுக்குள்ள அழுதே கரைஞ்சிருவா. கொடுங்க, அந்தப் பக்கந்தான் டெலிவரி,” என்றார் அக்கா. நான் பசை தடவுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். “நல்லா ஒட்டுங்க சார்.”

“உங்க முடிவுதானேம்மா. பிரிச்சுப் படிக்கவா போறீங்க?”

“போற வழியில மனசு மாறிட்டா கிழிக்கக் கஷ்டமா இருக்கணும்ல?”

உறையின் மூடியை இன்னொரு முறை அழுத்தித் தேய்த்துக் கொடுத்தேன். வாசலில் நின்ற அக்காவின் ஸ்கூட்டரின் பின்னால் வெள்ளை விரிப்புகள் அடுக்கடுக்காகக் கட்டப்பட்டிருந்தன. இரண்டு மடிப்புகளுக்கு நடுவே உறையைச் செருகிவிட்டு வண்டியைக் கிளப்பினார். தெருமுனையில் வேகம் குறைந்தது. காற்றில் ஒரு விரிப்பின் நுனி பிரிந்து படபடத்தது. அக்கா ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய், திரும்பிப் பார்க்காமலே, அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.