கோமுவின் மூன்று தும்மல்

எங்கள் ஊரில் செத்துப்போனால் மட்டும் போதாது. அந்தச் சாவால் ஊரின் மரபணு வகை குறைந்ததா என்று அலுவலகம் சோதித்துச் சொல்ல வேண்டும். குறைந்திருந்தால் இழப்புச் சான்றிதழ் தருவார்கள். குறையவில்லை என்றால், குலுக்கலில் ஊர்க்காரர் ஒருவரை எடுத்து செத்தவர் இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். இதில் யாருக்கும் மனக்குறை கிடையாது. எதிர்வீட்டில் இப்போது இருப்பவர் மூன்றாவது மாமனார். முந்தின இருவரைவிடக் குறட்டை நன்றாக விடுகிறார்.

ஓய்வுபெற்ற சர்வேயர் திருமலைக்கொழுந்து, இறந்த மனைவி கோமுவின் சீப்பை ஒரு கவரில் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். வராண்டா நீண்டுகொண்டே போனது. நடுவில் ஒரு டீக்கடை வந்தது. அதற்கப்புறம் ஒரு பஸ் நிறுத்தம். கவுண்டரை அடைந்தபோது அவருக்கு நெஞ்சுவரை தாடி முளைத்திருந்தது.

கவுண்டரில் பெனிட்டா இருந்தாள். சீப்பில் இருந்த முடியையெல்லாம் உருவி ஒரு டப்பாவில் போட்டாள். டப்பா சீட்டுத் துப்பியது.

"அண்ணாச்சி, உங்க வீட்டம்மா இருந்தப்போ ஊரு, இல்லாதப்போ ஊரு, ரெண்டையும் ஒப்பிட்டாச்சு. யாரும் சாகாட்டியும் இந்த வித்தியாசம் சும்மாவே நூத்துக்கு ஏழு தடவ வருமாம்."

"சும்மாவேவா? நாப்பத்தோரு வருசம்மா!"

"அஞ்சுக்குக் கீழ வந்தாத்தான் இழப்புன்னு எழுதலாம்."

"ரெண்டுதானே கூட இருக்கு. பாத்துப் போடும்மா."

"கத்திரிக்காயா அண்ணாச்சி, கொசுறு போட?"

அவர் கவுண்டருக்குள் தலையை நீட்டினார்.

"அவ வெயில்ல கால வச்சா தும்முவா. எண்ணி மூணு. கல்யாணத்தன்னைக்கு மண்டபத்த விட்டு வெளிய வந்ததும் தும்முனா. எங்கம்மா மூஞ்சி கறுத்துப்போச்சு. இந்த ஊர்ல வேற யாரு அப்படித் தும்முதா?"

பெனிட்டா பதிவேட்டைப் புரட்டினாள்.

"யாருமில்ல."

"அதத்தானே சொல்லுதேன்."

"ஒரே ஒருத்தர்கிட்ட இருந்தா அத அளந்ததுல பிழைன்னு தள்ளிருவோம். முப்பது பேராவது தும்மணும்."

வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் ஒரே முகம். எல்லோரும் ஒன்றுபோல உச்சுக் கொட்டினார்கள்.

பெனிட்டா பித்தளைக் குடத்தில் கைவிட்டு ஒரு சீட்டு எடுத்தாள். "கோமு இடத்துக்குத் திருமலைக்கொழுந்து."

"அது நான்லா!"

"நீங்கதான்."

"அப்ப என் எடத்துல யாரு?"

"நீங்களேதான். எடுத்த சீட்டத் திரும்பக் குடத்துல போட்டுருவோம். உங்க எடம் அப்படியே இருக்கும். வெரசாப் போங்க, வீட்டுல அவரு காத்திருப்பாரு."

சீப்பைத் திருப்பிக் கொடுத்தாள். அதில் ஒரு முடிகூட இல்லை. சோதனைக்குச் செலவாகிவிட்டது.

வீட்டுக் கதவைத் தட்டினார். திருமலைக்கொழுந்து வந்து திறந்தார். சவரம் செய்த முகம், அழுத கண். வந்தவரை மேலும் கீழும் பார்த்தார்.

"கோமு எடத்துக்கா?"

"ஆமா."

"முத்தத்துல இன்னும் வெயில் இருக்கு."

வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்தில் போய் நின்று அண்ணாந்தார். கண் கூசியது. மூக்கு லேசாக அரித்தது. வீட்டுக்காரர் எண்ணுவதற்குத் தயாராகக் கட்டைவிரலைச் சுண்டுவிரலின் முதல் ரேகையில் வைத்துக்கொண்டார். ஒரு விரலுக்கு மூன்று ரேகை. சரியாக இருக்கும்.

வெயில் முற்றத்தை விட்டுச் சுவரில் ஏறியது. வந்தவர் நாற்காலியைப் போட்டு ஏறி, முகத்தை வெயிலுக்குள் நீட்டினார். வெயில் ஓட்டுக்குப் போனது. அவரும் ஏணி வைத்து ஓட்டுக்கு ஏறினார்.

"வரலையே" என்றார் மேலிருந்து.

"இரும்வே" என்றார் கீழே நின்றவர், கட்டைவிரலை எடுக்காமல்.