தண்ணி காட்டிய கப்பல்கள்

மேசையில் நீலத் துணியை விரித்து முடித்ததும் அக்கா தன் பெட்டியைத் திறந்து ஒரு கப்பலை எடுத்து நட்டநடுவில் வைத்தாள். உள்ளங்கை நீளம். மூன்று பாய்மரம், தலைமயிர் பருமனில் கயிறுகள், இரண்டு அடுக்குப் பீரங்கிகள், ஒவ்வொன்றுக்கும் திறந்து கிடக்கும் குட்டிக் கதவு. "நிஜக் கப்பலோட அளவுல எழுநூறுல ஒண்ணு" என்றாள், விலை சொல்லும் குரலில். அடுக்குமாடி வீடு விற்பது அவள் தொழில். கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் மாதிரிக் கட்டடத்தைக் காட்டியே, வேண்டாம் என்று சொல்ல வந்தவர்களையும் கையெழுத்துப் போட வைத்தவள். கப்பலைத் திருப்பிப் பின்புறத்தைக் காட்டினாள். தளபதியின் அறை ஜன்னல்கள், பொன்னிறச் சட்டங்களோடு வரிசையாக. "கண்ணாடிகூட மாட்டியிருக்கு பாருங்க." எல்லாரும் குனிந்தார்கள். மருந்துக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூச்சுப் பட்டால் பாய் கிழிந்துவிடும் என்பதுபோல வாயை மூடிக்கொண்டு பார்த்தார்.

சைக்கிள் கடைக்கு மேலிருந்த அந்த அறையில் ஞாயிறுதோறும் ஆறேழு பேர் கூடி, பழங்காலத்துக் கடற்போர்களைப் பொம்மைக் கப்பல்களை வைத்து நடத்துவார்கள். இதுவரை ஆளுக்கொரு அளவில் கப்பல் வாங்கி வைத்திருந்தார்கள். ஒருவருடையதை இன்னொருவருடையதோடு நிறுத்தினால் யானையும் எலியும் சண்டைக்கு நின்றதுபோல இருந்தது. இனி எல்லாருக்கும் ஒரே அளவு. அது எது என்று அன்றைக்கு முடிவாக வேண்டும். தோற்ற அளவுக்குப் பரண்தான் கதி.

தங்கை பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். அவளுடைய கப்பல்கள் கட்டைவிரலின் மேல்கணு அளவுதான். இரண்டாயிரத்து நானூறில் ஒன்று. இரண்டு வருடமாக, பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு கிடைக்கும் இடைவெளியில் உட்கார்ந்து தீட்டியவை.

"இது கப்பலாடி, இல்ல கப்பலை மொய்க்கிற ஈயா?" என்றாள் அக்கா.

எல்லாரும் சிரித்தார்கள். தங்கையும் சிரித்துவைத்தாள். வீட்டில் அவளுக்குப் பொடிசு என்று பெயர். காதோரம் நரைத்து, இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் பொடிசுதான். அக்கா வாய் தவறி ஒருநாள் இங்கே கூப்பிட்டதிலிருந்து குழுவிலும் அதே பெயர். கேரம், சதுரங்கம், அப்பா வாங்கிவந்த சட்டையில் யாருக்கு எந்த நிறம் என்ற சண்டை, எதிலும் அவள் அக்காவை ஜெயித்ததில்லை. தலைகீழாக நின்று பார்த்திருக்கிறாள். இன்றைக்கும் தோற்றால் கப்பல்களோடு சேர்த்துத் தன்னையும் அந்த டப்பாவுக்குள் போட்டு மூடிவிடுவார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

"கைல எடுத்துப் பாக்காதீங்க. மேசைல வச்சிட்டு ரெண்டடி தள்ளி நின்னு பாருங்க" என்றாள்.

அவள் செயற்கைப் பல் செய்கிற இடத்தில் வேலை பார்த்தாள். நிஜப் பல் போல இருக்கவேண்டுமானால் இருக்கிற கோடெல்லாம் வரைந்து வைக்கக் கூடாது. இரண்டு பல்லுக்கு நடுவே நிழல் சரியாக விழுந்தால் போதும், மிச்சத்தைப் பார்க்கிறவர் கண்ணே வரைந்துகொள்ளும். கப்பலையும் அப்படித்தான் தீட்டியிருந்தாள். பீரங்கி என்று தனியாக எதுவும் இல்லை, ஒரு கறுப்புப் புள்ளியும் அதன் மேல் விளிம்பில் ஒரு வெளிச்சக் கீற்றும்தான். தள்ளி நின்று பார்த்தவர்கள் "பரவால்லையே" என்றார்கள். ஆனால் அவர்கள் கண் திரும்பத் திரும்ப அந்த ஜன்னல் கண்ணாடிக்கே போனது.

மருந்துக்கடைக்காரர்தான் வழி சொன்னார். "பாத்துக்கிட்டே இருந்தா முடிவாகாது. ஒரே சண்டையை ரெண்டு அளவுலயும் ஆடிப் பாப்போம். அக்காவும் தங்கச்சியும் ஆடட்டும். அப்புறம் எல்லாரும் கை தூக்குவோம்."

முதலில் பெரிய கப்பல்கள். பக்கத்துக்கு ஆறு நிறுத்தியதுமே மேசை, பள்ளிக்கூடம் விடும் நேரத்து வாசல் போல ஆகிவிட்டது. திரும்ப இடமில்லை, திரும்பினால் ஒன்றின் பாய்மரம் இன்னொன்றின் கயிற்றில் மாட்டியது. முதல் நகர்த்தலிலேயே எல்லாம் எல்லாவற்றையும் சுடலாம் என்றாகிவிட்டது. அக்கா நாற்காலியை விட்டு எழாமலே, சுட்டது பட்டதா என்று சொல்லும் பகடையை உருட்டி உருட்டி ஜெயித்தாள். "காத்துன்னு ஒண்ணு இருக்கே, அதைக் கணக்குல எடுக்க இடமே இல்லையே" என்றாள் தங்கை. "தோத்தா காத்து மேல பழி போடு" என்றாள் அக்கா.

பிறகு சின்னவை. அதே பன்னிரண்டு கப்பல்கள், அதே துணி. ஆனால் மேசை திடீரென்று கடலாகிவிட்டது. இரண்டு அணிக்கும் நடுவே அவ்வளவு நீலம் இருப்பதைப் பார்த்துத் தங்கைக்கே உடம்பு சிலிர்த்தது. காற்று எந்தப் பக்கமிருந்து என்று காட்டும் அம்பை மருந்துக்கடைக்காரர் மேசை ஓரத்தில் வைத்தார். காற்றை எதிர்த்துப் பாய்க்கப்பல் நேராகப் போகாது. கோணல் கோணலாக வளைந்துதான் ஏற வேண்டும், அதற்கு இடம் வேண்டும். இப்போது இடம் இருந்தது. நான்கு கப்பல்களை அக்காவோடு சுட்டுக்கொண்டிருக்க விட்டுவிட்டு, இரண்டை மட்டும் பிரித்து மேசையின் விளிம்போடு வளைத்து வளைத்து ஏற்றினாள்.

"எங்கடி ஓடுற?" என்றாள் அக்கா.

அந்த இரண்டும் மேலே ஏறின, திரும்பின, பிறகு காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு ஒரே பாய்ச்சலில் இறங்கி, அக்காவின் தலைமைக் கப்பலுக்குப் பின்னால் குறுக்கே வந்து நின்றன. அக்கா அப்போதுதான் நாற்காலியிலிருந்து எழுந்தாள். போர்க்கப்பலின் பக்கவாட்டில் கெட்டிப் பலகை உண்டு, பீரங்கி உண்டு. பின்புறத்தில் இருப்பது வெறும் ஜன்னல். அதன் வழியே நுழைகிற குண்டு, கப்பலின் முன்மூக்கு வரைக்கும் தடையில்லாமல் போகும். தங்கை பகடைகளை இரு கையாலும் குலுக்கி விட்டாள். ஆறு, ஐந்து, ஆறு. கடைக்காரர் தலைமைக் கப்பலை எடுத்து மேசைக்கு வெளியே வைத்தார்.

"ஜன்னல் வழியாத்தான் வந்தேன்க்கா" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்ல முடியாது. தலைவன் போன படை சிதறியது. அவள் வளைத்து வளைத்து ஒவ்வொன்றாகப் பிடித்தாள். "அக்காவுக்கே தண்ணி காட்டிட்டாங்கப்பா" என்று கடைக்காரர் சொன்னபோது அறையே சிரித்தது. இந்த முறை அவளும் நிஜமாகவே சிரித்தாள். சந்தோஷத்தை மறைக்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. சின்னதுக்குக் கை தூக்கச் சொன்னபோது எல்லாக் கையும் எழுந்தது, ஒன்றைத் தவிர.

அக்கா மேசை விளிம்புக்குக் குனிந்து, துணியில் கன்னம் படும்படி தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சின்னக் கப்பல்களைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, யாரையும் பார்க்காமல், "இன்னொரு ஆட்டம் போடலாமாடி?" என்றாள்.

தோற்றவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள். இத்தனை வருடமும் அதைக் கேட்டவள் பொடிசு.

அவள் அவசரப்படவில்லை. கப்பல்களை ஒவ்வொன்றாக எடுத்து, பாயில் ஒட்டியிருந்த தூசியை ஊதி, வரிசையில் வைத்து, விரல் நகத்தால் தள்ளி நேராக்கினாள். எதிரே அக்கா, பகடைகளை உள்ளங்கைக்குள் இறுக மூடியபடி, காத்துக்கொண்டு நின்றாள்.