அழுது கேட்க மாட்டோம்

ராயபுரத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்த பாஸ்கல் பேனா மூடியைத் திறந்தார்; பிறகு மூடிவிட்டார். படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடுகிற வழக்கம் அவருக்கு இல்லை.

மகள் ஃபாத்திமா எம்.எஸ்சி. முடித்தவள். ஆராய்ச்சிப் படிப்புக்கு ஃபெலோஷிப் கேட்டு விண்ணப்பிக்க வந்திருந்தாள். கிடைத்தால் உதவித்தொகையோடு ஐந்து வருடம் படிக்கலாம். அன்று மாலை ஐந்து மணியோடு கடைசி. விண்ணப்ப விவரங்களோடு ஜோ அச்சிட்டுத் தந்த உறுதிமொழித் தாளில் அப்பா கையெழுத்துப் போட்டால்தான் விண்ணப்பம் போகும். மணி நாலேகால்.

"இன்னாமா இது? 'என் தந்தை ஒருவேளைக் கஞ்சிக்கும் வழியில்லாத கூலி. தாங்கள் கருணை காட்டாவிட்டால் நடுத்தெருவில் நிற்போம்.' யாருமா அந்தத் தந்தை?"

துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற வருடம்கூட நிவாரண வரிசையில் போய் நின்றதில்லை.

கடைக்கார ஜோ சிரித்தான். "அங்கிள், பேஜாரு பண்ணாதீங்க. அல்லாருக்கும் இத்தான் போட்டுக் குடுக்குறேன். இத்தப் படிச்சிப் பாக்குற ஆபீசர் கண்ல தண்ணி வரணும், அப்பத்தான் ஓகே ஆவும்."

"எழுந்திரும்மா. நம்ம வூட்ல யாரும் கையேந்துனது இல்ல."

ஃபாத்திமா எழவில்லை. "நைனா, கிரேன்ல ஏத்துறதுக்கு மின்னாடி உனக்கு டெஸ்ட் வச்சாங்கல்ல? பாஸ் பண்ணி ஏறுன. மாசாமாசம் சம்பளம் வாங்குன. அது பிச்சையா?"

"அது வேலமா."

"இதுவும் வேலதான். ரெண்டு வருசம் எண்ணூர் கழிமுகத்துல இடுப்பளவு சேத்துல நின்னு தண்ணி புடிச்சி, அதுல இன்னா விஷம் கீதுன்னு பாத்தேன். அதுக்குத்தான் கேக்குறேன்."

பாஸ்கலுக்கு அந்தச் சேறு தெரியும். சாம்பல் நிறத்தில் காய்ந்து கிடந்த அவளுடைய பேண்ட்டை எத்தனையோ நாள் குழாயடியில் அலசிப் போட்டவர் அவர்தான்.

"அப்ப அத்த எழுதேம்மா. அந்தச் சேத்த வுட்டுட்டு என்னிய ஏன் அழ வச்சிகினு கீற?"

அவள் முகம் சிவந்தது. விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, ஜோ அடித்துவைத்த கண்ணீரையெல்லாம் அழித்தாள். எடுத்த தண்ணீர், கண்ட விஷம், இன்னும் கண்டுபிடிக்க வேண்டியது என்று மடமடவென்று தட்டினாள். வருமானம் என்ற இடத்தில் விரல் நின்றது.

"பென்சன் எவ்ளோவோ அவ்ளோ போடு. கம்மியும் வாணாம், ஜாஸ்தியும் வாணாம்."

நாலு ஐம்பதுக்குப் புதுத் தாள் அச்சாகி வந்தது. தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'கிரேன் ஓட்டுநர், ஓய்வு' என்றிருந்தது. பாஸ்கல் அதை இரண்டு முறை படித்துவிட்டு முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டார். தாளை ஸ்கேன் செய்து அனுப்பியபோது ஐந்துக்கு மூன்று நிமிடம் இருந்தது.

"கெடைக்கலன்னா என்னிய கேக்காதீங்க அங்கிள்" என்றான் ஜோ.

பாஸ்கல் நிமிர்ந்து நின்றார். "கெடைக்கலன்னா அடுத்த வருசமும் எழுதுவா. அழுது வாங்குனாத்தான்டா அசிங்கம். படிச்சதக் காட்டிக் கேக்குறது அவ உரிம. இனிமே இந்தக் கடைக்கு வர்ற எந்தப் புள்ளையோட அப்பனையும் பிச்சக்காரன் ஆக்காத!"